ஏழாம் வகுப்புக் கதவு

ஏழாம் வகுப்புக் கதவு, மனதுக்குள் யாரையாவது வைத்திருப்பவர்களை மட்டுமே வெளியே விட ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை. உள்ளே வர யாருக்கும் தடையில்லை, வெளியேறத்தான் வம்பு. மற்ற பிள்ளைகளுக்கு அந்த வம்பும் இல்லை. அந்த வருஷம் வகுப்பில் வேறு பேச்சே கிடையாது: யார் யாரைத் திரும்பிப் பார்த்தார்கள், யார் யாருக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார்கள். மணி அடித்ததும் ஆளுக்கொரு முகத்தை நினைத்து அசட்டுச் சிரிப்போடு சிட்டாய்ப் பறந்தார்கள். பூட்டு ரிப்பேர்காரரின் மகள் சுண்டெலிக்கு மட்டும் கதவு முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. அம்மாவை நினைத்துப் பார்த்தாள். ம்ஹூம், அது வேறு கணக்காம்.

“யாரையாவது ஒருத்தனச் சொல்லித் தொலையேன்டி!” என்றாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற தோழி நெட்டை.

“யாருமே இல்லையேடி. இல்லாதத எப்படிச் சொல்றது?”

கடைசியில் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னாள். கதவு விரற்கடை திறந்து, பொய்யென்று தெரிந்ததும் படாரென மூடியது. வகுப்பே அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டலடித்தது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று சுண்டெலி தேம்பித் தேம்பி அழுதாள்.

ஊரில் அப்பா திறக்காத பூட்டு கிடையாது. அவர் கீல்களையே கழற்றினார். கீலில்லாமலும் கதவு அசையாமல் நின்றது. சாப்பாடு ஜன்னல் கம்பி வழியாகப் போயிற்று. மழைக்காலம் வந்து போனது, சுண்டெலியின் சீருடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

“சின்னப் புள்ள, அதுக்கென்ன தெரியும்? நானே போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன்” என்று அம்மா உள்ளே நுழைந்தாள். மகளோடு திரும்பினாள். கதவு அம்மாவையும் விடவில்லை.

வெளியே அப்பா ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சுண்டெலி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அத்தனை மாதத்தில் அன்றுதான் அவளுக்குப் பயமாக இல்லை.

“தலைவலி மாத்திரை போட்டியா?” என்று அப்பா ஜன்னல் வழியாக அம்மாவிடம் கேட்டார். பிறகு கடப்பாரை எடுத்து வந்து பின்சுவரை இடித்தார். ஆள் நுழையுமளவு ஓட்டை விழுந்ததும் உள்ளே வந்து, செங்கல் தூசியைத் தட்டிவிட்டு, இருவரையும் அதே ஓட்டை வழியாக அழைத்துப் போனார். கதவுப் பக்கம் அவர் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியர் அந்த வழியாகத்தான் வெளியே வந்தார். வீட்டுக்கு அதுதான் பக்கம் என்றார். இப்போது அங்கே நிலை வைத்துப் பூசியாயிற்று. பாதி ஊர் அப்படித்தான் போகிறது.