செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை

ராம்கி ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டு நாற்றுகளுக்குத் தண்ணீர் விட்டான். குளித்தான். பழைய சோற்றில் மோரை ஊற்றிக் குடித்தான். அலுவலகச் சட்டையைத் தேய்த்து மாட்டினான். பிறகு வேப்பமரத்தடியில் நின்ற பிக்கப்பில் ஏறிச் சாவியைத் திருகினான். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை. மூன்று தரம் பார்த்துவிட்டு இறங்கினான். நான்கு நாளாக இதுவும் காலை வேலைகளில் ஒன்று.

வண்டி அவன் மனைவி தமிழ்ச்செல்வியுடையது. கீழக்குயில்குடியில் நாற்றுப்பண்ணை போட்டு, பழைய வண்டி ஒன்றைத் தேடி வாங்கி, அவளே ஓட்டிப் போய் மதுரை முழுக்கச் செடி இறக்கினாள். ஏறியதும் முகப்பில் ஒட்டியிருந்த கருப்பசாமி படத்தைத் தொடாமல் சாவி போடமாட்டாள்.

"வண்டிய நீ ஓட்டுறியா, உங்க கருப்பு ஓட்டுறானா?" என்பான் ராம்கி.

"ரெண்டு பேருந்தேன்."

கடைசி நாள் காலையிலும் ஓட்டினாள். மத்தியானம் வண்டியை நிறுத்திவிட்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறியவள் பஸ்ஸிலேயே மயங்கினாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பது நாள் ஆகிறது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் போனது அவள் அண்ணன் முத்துப்பாண்டி. "அவரப் பாத்துக்கண்ணேன்னு சொல்லிட்டுத்தேன் கண்ண மூடுனா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். ராம்கி நம்பவில்லை. வண்டிச் சாவியையும் முத்துப்பாண்டிதான் வைத்திருந்தான். போன வாரம் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது மாப்ள. வித்துருவோம், ஆரப்பாளையத்துல ஒரு ஆளு கேக்குறாரு" என்றான். அன்று காலைவரை ஓடிய வண்டி தானாக நிற்குமா? வண்டி போனால் பண்ணையும் போகும். அவளுடையது என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

அதனால் மச்சானுக்குத் தெரியாத மெக்கானிக்காகப் பார்த்து, நாகமலையிலிருந்து பாண்டிராஜை வரச் சொன்னான். பாண்டிராஜ் வந்த கால்மணி நேரத்தில் முத்துப்பாண்டியும் வந்து நின்றான். யார் சொல்லியிருப்பார்கள்?

"எதுக்கு மாப்ள வெளியாளு? நம்ம விருமாண்டி என்ன செத்தா போனான்?" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பாண்டிராஜ் பானெட்டைத் திறந்தான். "பேட்டரி ஜோரா இருக்கு. யாரு சார்ஜ் போட்டது?"

"நாந்தேன்" என்றான் முத்துப்பாண்டி.

விற்க நினைக்கிறவன் எதற்கு சார்ஜ் போடுகிறான்? ராம்கி அவன் கையைப் பார்த்தான்.

பாண்டிராஜ் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ராம்கியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னான். "பம்பு வரைக்கும் டீசல் வருது. பம்பத் தாண்டி ஒரு சொட்டு வரல. அடிக்கிறத விட்டுட்டுச் சாவிய மட்டும் போடுங்கண்ணே. 'டக்'குனு ஒரு சத்தம் கேக்கணும்."

கேட்கவில்லை.

"பம்புல ஒரு வால்வு இருக்கு. கரண்டு வந்தாத்தேன் டீசலுக்கு வழி விடும்." சோதனை பல்பை வைத்தான். எரியவில்லை. ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனவன் பாதியில் நின்றான். "இந்தா, வெட்டிருக்காங்க. நடுவுல வேற ஒயரு கோத்து டேப்பு சுத்திருக்கு."

"பானெட்டத் தொறந்தது நீங்க ஒருத்தர்தானே மச்சான்" என்றான் ராம்கி.

முத்துப்பாண்டியின் முகம் கறுத்தது. "எந்தங்கச்சி வண்டி. அதப் போயி நான் வெட்டுவனா?"

"சத்த பொறுங்கண்ணே" என்றான் பாண்டிராஜ். "டேப்புல வருசக்கணக்கான அழுக்கு இருக்கு. இது நேத்து வேலையில்ல." சேர்த்த ஒயர் வண்டிக்குள் போனது. அவன் முகப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒயர் கருப்பசாமி படத்துக்குப் பின்னால் ஏறி, அங்கே குன்றிமணி அளவு சுவிட்சில் முடிந்தது.

படத்தோடு சேர்த்து அழுத்தினான். பம்பில் 'டக்' என்றது. ராம்கி சாவியைத் திருகினான். வண்டி ஒருமுறை புகையைக் கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"திருட்டுக்குப் பயந்து வப்பாங்கண்ணே. எறங்குறப்ப இத ஆஃப் பண்ணிட்டா எவன் வந்தாலும் செல்ஃப்தேன் அடிச்சிட்டிருப்பான்."

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே களவாணி" என்றான் முத்துப்பாண்டி. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

ராம்கி என்ஜினை அணைக்காமல் இறங்கினான். "தப்பா நெனச்சிட்டேன் மச்சான். ஒண்ணு மட்டும் உண்மையச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில அவ பேசுனாளா?"

முத்துப்பாண்டி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் போறப்பவே பேச்சு இல்ல மாப்ள. உங்களுக்கு ஆறுதலா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

அப்படியானால் பஸ் ஏறும்முன் அவள் அவனிடம் போனில் பேசிய பதினோரு விநாடிதான் கடைசி. கே.கே. நகர் அலுவலகத்தில், கண்ணைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்காமலே 'ம்' என்றிருந்தான். சாமி கும்பிடச் சொல்கிறாள் என்று நினைத்துக் காதில் வாங்காமல் விட்ட பேச்சு.

"பஸ்ஸு வந்துருச்சு, போறேன். வண்டிய எடுத்தீங்கன்னா மறக்காமக் கருப்பத் தொட்டுட்டு எடுங்க."