மிஸ்டர் காலின்ஸுக்கு ஓர் இடம்

விமான நிலையத்தில் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும் என்பது எங்கள் விருந்தாளிக் குடில்களை நடத்தும் என் அக்கா தெபாயேருவின் சட்டம். எங்கள் ரரொதொங்கா தீவை வண்டியில் முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இங்கே தொலைந்துபோக ஆசைப்பட்டாலும் முடியாது. ஆனாலும் விருந்தாளி இறங்கியதும் தன் பெயரைப் பார்க்க வேண்டுமாம். அன்று பலகையில் மிஸ்டர் காலின்ஸ் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஆக்லாந்திலிருந்து ஒற்றை ஆள், ஒரு வாரம், கடலைப் பார்த்த குடில்.

கதவு திறந்தது. வரவேற்புப் பாட்டுக்காரர் தன் குட்டி கிட்டாரைத் தட்டிப் பாட ஆரம்பித்தார். வெளுத்த கால்களும் புதுத் தொப்பிகளுமாக ஜனங்கள் வந்தார்கள். எல்லாரும் போன பிறகு, அப்பாவின் நெற்றியை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு ஒருவன் மெதுவாக வந்தான். சட்டை கொடியில் தொங்குவதுபோல அவன்மேல் தொங்கியது. என் தம்பி தமருவா.

"காலின்ஸ்னு போட்டிருக்கு," என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"பொண்டாட்டி ஜோன் வீட்டுப் பேரு. என் பேருல கேட்டிருந்தா அக்கா எடம் குடுத்திருக்குமா?"

"குடுத்திருக்காது."

"அதான்."

அவன் ஆக்லாந்துக்குப் போனபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அது குற்றமில்லை. எங்கள் தீவின் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். அம்மா இறந்தபோது அவனுக்காக உடலை வைத்துக்கொண்டு இரண்டு விமானம் பார்த்தோம். இரண்டிலும் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. தெபாயேரு அன்று மூடிய வாயை அவன் விஷயத்தில் பதினோரு வருடமாகத் திறக்கவில்லை. ஆக்லாந்தில் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறினால் இங்கே திங்கட்கிழமை வந்து இறங்கலாம், ஒரு நாள் திரும்பக் கிடைக்கும். பதினோரு வருடம் திரும்பக் கிடைக்க எந்த விமானமும் இல்லை.

எங்கள் ஊரான மதவேராவில் வீட்டு வாசலில் அவள் பூ மாலையோடு நின்றிருந்தாள். வருகிறவர்களுக்குப் பூ மாலை, போகிறவர்களுக்குச் சிப்பி மாலை, அது எங்கள் ஊர் வழக்கம். வண்டியிலிருந்து இறங்கியவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓர் ஈ நகர்ந்த அளவுகூட அசைவில்லை. மாலையை அவன் கழுத்தில் போட்டு, தோளில் சரிசெய்தாள். கை அங்கேயே ஒரு நொடி கூடுதலாக நின்றது. பிறகு, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் ஆங்கிலத்தை எடுத்தாள்.

"வாங்க மிஸ்டர் காலின்ஸ். பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

அவனும் சளைக்கவில்லை. "ரொம்ப சௌகரியம்ங்க," என்றான்.

பிறகு எல்லாருக்கும் சொல்வதையெல்லாம் அவனுக்கும் ஒரு வரி விடாமல் சொன்னாள். "சாயங்காலம் முரி கடற்கரையில சாப்பாட்டுச் சந்தை போடுவாங்க. சனிக்கிழமை காலையில டவுன் சந்தை, சீக்கிரம் போயிடுங்க. காயல்ல எங்க வேணா குளிக்கலாம், தண்ணி வெளிக்கடலுக்கு ஓடற பாறை வாய்ப் பக்கம் மட்டும் போகாதீங்க, இழுத்துட்டுப் போயிடும். பஸ் ரெண்டு இருக்கு. ஒண்ணு வலமா சுத்தும், ஒண்ணு இடமா சுத்தும். எதுல ஏறினாலும் திரும்ப இங்கதான் வந்து நிக்கும்."

அந்தப் பாறை வாயில் பேய்க்கணவாயை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டு அலறவைத்தவன் அவன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். சொந்தத் தம்பியை விருந்தாளியாக நடத்துவதைவிடப் பெரிய தண்டனை எங்கள் வீட்டில் கிடையாது. காலையில் அவனுக்குப் பப்பாளியும் ரொட்டித் துண்டும் விருந்தாளித் தட்டில் போனது. உள்ளே நாங்கள் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிட்டோம். அவனுக்கு அது உயிர். வாசனை அவன் உட்கார்ந்திருந்த பலகை மேடை வரை போயிருக்கும். வேண்டுமென்றே செய்தாள் என்று நினைக்கிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்து ஏழு நாள், மருந்தைவிடக் கசப்பு.

நடுவில் பிறந்தவனுக்கு எப்போதும் இரண்டு பக்கமும் அடி. புதன்கிழமை, "தீவைச் சுத்திக் காட்டுவீங்களா டிரைவர்?" என்று தமருவா கேட்டதும் எனக்கு எரிச்சல் பொங்கியது.

"வண்டில ஏறித் தொலை," என்றேன்.

துறைமுகக் கடையில் மீன் வைத்த ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கடி கடித்துவிட்டுத் தாளில் சுற்றி வைத்தான். ஒரு காலத்தில் என் பங்கையும் பிடுங்கித் தின்றவன்.

"ஈரல்ல புத்து வந்திருக்குண்ணே. கிறிஸ்துமஸ் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க. ஜோனுக்குத் தெரியும். அவதான் இந்தக் குடிலைப் புக் பண்ணிக் குடுத்தா, போய்ப் பேசிட்டு வான்னு."

அப்போது ஆகஸ்ட். கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "அம்மா செத்தப்ப ஏண்டா வரல?"

"ஏர்போர்ட் வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவையும். பெட்டியோட வாசல்லயே நின்னேன். உள்ள போனா அம்மா செத்தது நெஜமாயிடும்ணே. போகாம இருந்தா, இங்க துணி துவைச்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கலாம்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பைத்தியக்காரத்தனம்தான். வருஷம் ஆக ஆக, எந்த மூஞ்சியோட வர்றது?" பிறகு கேட்டான். "அம்மா பக்கத்துல எடம் இருக்குல்ல?"

அதற்காகத்தான் வந்திருக்கிறான். எங்கள் ஊரில் செத்தவர்களை எங்கோ கொண்டுபோய் விடுவதில்லை. வீட்டு முன்னாலேயே புதைத்து, சிமெண்டுத் தளம் போட்டு, தகரக் கூரை வைத்துவிடுவோம். அதன்மேல் உட்கார்ந்து பயறு உரிப்போம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும். விருந்தாளிகளுக்குத்தான் பயம். 'படுக்கையிலிருந்து பார்த்தால் கல்லறை தெரிகிறது' என்று யாரோ குறை சொல்ல, பயண ஏஜெண்ட் ஒரு செம்பருத்தி வேலி வைக்கச் சொன்னான். தெபாயேரு வைத்தாள். அப்பா, அம்மா இருவரும் வேலிக்குப் பின்னால் போனார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் கடைசிப் பிள்ளைக்கென்று விட்டிருந்த இடம் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றது. "அவனுக்கு எதுக்கு எடம்? அங்க போடு மேடைய," என்றாள். போட்டேன். விருந்தாளிகள் காலைச் சாப்பாடு சாப்பிடும் மேடை.

சொன்னேன்.

"அப்ப நான் தெனம் உக்காந்து பப்பாளி தின்னது..."

"உன் எடத்துமேலதான்."

சிரிக்க ஆரம்பித்தவன் இருமலில் வந்து நின்றான். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "அக்காகிட்டச் சொல்லாதண்ணே," என்றான். "இரக்கப்பட்டுக் குடுத்த எடத்துல எனக்குத் தூக்கம் வராது."

நிலம் மூன்று பேருக்கும் உரியது. நிலக்கோர்ட்டுக்குப் போனால் கிடைக்கும். ஆனால் கோர்ட்டு வெட்டிக் கொடுத்த குழியில் எவன் நிம்மதியாகப் படுப்பான்?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்கு விருந்தாளிகளும் வருவார்கள். எங்கள் பாட்டைக் கேட்பது அவர்களுடைய பயணத்தில் ஓர் அம்சம். போதகர் எப்போதும்போல், "வெளியூர்லேர்ந்து வந்த விருந்தாளிங்க எழுந்து நில்லுங்க, வாழ்த்துச் சொல்லுவோம்," என்றார். எங்கள் இன்னொரு குடிலில் இருந்த ஜெர்மன் தம்பதி எழுந்தார்கள். அந்த விருந்தாளி வரிசை முழுக்க எழுந்தது. தமருவா மட்டும் உட்கார்ந்தே இருந்தான். கோயிலில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. கோயிலுக்கென்று எங்கள் பெண்கள் போடும் வெள்ளைத் தொப்பிகள் அத்தனையும் என் அக்காவை நோக்கித் திரும்பின. அவள் பாட்டுப் புத்தகத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.

ஆராதனை முடிந்து கூடத்தில் தேநீர். வழக்கப்படி விருந்தாளிகளுக்கு முதல் பந்தி. தமருவா எங்கள் ஆட்களோடு சுவரோரம் நின்றான். தெபாயேரு கேக் தட்டோடு அவன் முன்னால் போனாள்.

"விருந்தாளிங்க மேசை அந்தப் பக்கம், மிஸ்டர் காலின்ஸ்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தான். நல்லா இருப்பாளா இவள் என்று அந்த நிமிடம் மனதாரச் சபித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டேன். "அவன் சாகப்போறான்க்கா! அம்மா பக்கத்துல எடம் கேக்க வந்திருக்கான்!"

அவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "தெரியும்."

"யாரு சொன்னா?"

"மாலை போட்டேன்ல. தோள்ல கைய வச்சேன். எலும்புதான் இருந்துச்சு." நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க அவள் தூங்கவில்லை.

"தெரிஞ்சுமா இப்படி வதைக்கற?"

"அம்மா பொணத்துப் பக்கத்துல ரெண்டு நாள் நான் உக்காந்திருந்தேன். வந்துடுவான் வந்துடுவான்னு ஊருக்கெல்லாம் பதில் சொன்னேன். இப்ப வேற ஒருத்தன் பேருல வர்றான், காசு குடுத்துத் தங்கறான். எங்கிட்ட வந்து அக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கேக்கட்டும்."

"அவன் கேக்கலைன்னா?"

அவள் எழுந்து, மாட்டிய தொப்பியையே மறுபடி எடுத்து நேராக மாட்டினாள். அந்தக் கேள்வி அவளுக்கு என்னைவிட முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டியவனுக்கு வெட்கம், கொடுக்க வேண்டியவளுக்கு வீம்பு. திங்கட்கிழமை காலை அவன் பெட்டியை வண்டியில் ஏற்றினேன். இப்போது போனால் அவன் திரும்பி வருவது வேறு பெட்டியில்தான், அதற்கும் இடம் கிடையாது. பலகை மேடையில் ஜெர்மன் தம்பதி பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெபாயேரு சிப்பி மாலையோடு வந்தாள். குரல் மட்டும் கொஞ்சம் கம்மியிருந்தது. "தங்கினதுக்கு நன்றி மிஸ்டர் காலின்ஸ். மறுபடியும் வரணும்."

மாலையைத் தூக்கினாள். அவன் கழுத்தைக் குனிந்தான். போச்சு, முடிந்தது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வேணாம்கா."

எங்கள் மொழியில் சொன்னான். திரும்பிப் பார்த்தேன். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

"அதைப் போடாதக்கா. நான் போகல. என்னால போக முடியாது." சின்னப் பிள்ளைபோல் முகம் கோணியது. "வராம இருந்தது தப்புதான். அடிச்சுக்கோ. அம்மாகிட்ட என்னை விடுக்கா. வேற ஒண்ணும் வேணாம்."

சிப்பி மாலை கீழே விழுந்தது. தெபாயேரு அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டாள், அவ்வளவு மெலிந்தவனை அறையும் அளவுக்கு மெதுவாக. அப்புறம் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"துத்தாய்! கடப்பாரை எங்கடா?"

எடுத்து வந்து கொடுத்தேன். நேராகப் பலகை மேடைக்குப் போனாள். "மன்னிக்கணும்," என்றாள் அந்த ஜெர்மன்காரர்களிடம். "தட்டைக் கையில எடுத்துக்குங்க." அவர்கள் தட்டோடு எழுந்து புல்லில் நின்றார்கள். முதல் பலகையைக் கடப்பாரையால் அவளே நெம்பினாள். ஆணி கிரீச்சென்று கத்தியது. நான் அடித்த ஆணிகள், கெட்டியாகத்தான் அடித்திருந்தேன். மூன்றாவது பலகையில் அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள், நெம்புவதை மட்டும் நிறுத்தவில்லை. ஜெர்மன்காரர் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார். விஷயம் என்னவென்று அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனுஷன்.

மதியத்துக்குள் மண் தெரிந்தது. செம்பருத்தி வேலியையும் வெட்டிச் சாய்த்தோம். தமருவா அம்மாவின் சிமெண்டுத் தளத்தில் உட்கார்ந்து காலைத் தன் இடத்தில் தொங்கப்போட்டிருந்தான். தெபாயேரு உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் சேம்பிலையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"தின்னு," என்றாள். "ஒரு வாரமா மூக்கை நீட்டி மோந்துக்கிட்டிருந்தியே."

"நாளையிலிருந்து எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது?" என்று ஜெர்மன்கார அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "வீட்டுக்குள்ள, எங்ககூட," என்றாள் அக்கா.

அவன் நவம்பரில் போனான், அம்மா படுத்திருந்த அதே அறையில். ஜோன் முன்பே வந்து கூட இருந்தாள். அடக்கத்தன்று ஊரே பூ மாலைகளைக் கொண்டுவந்து அவன்மேல் போட்டது. பாவம் ஜோன், எங்கள் வழக்கத்தை மதிக்க வேண்டுமென்று டவுனுக்குப் போய் நல்ல சிப்பி மாலை ஒன்றைத் தேடி வாங்கி வந்திருந்தாள். அழுதுகொண்டே அதைப் பெட்டிமேல் வைத்தாள்.

தெபாயேரு அதை மெல்ல எடுத்து, சிப்பிகளைத் தன் வெள்ளை மேலாடையில் துடைத்து, மடித்து வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்து ஜோன் விமானம் ஏறியபோது அக்கா அதை அவள் கழுத்தில் போட்டாள்.

"இது போறவங்களுக்குத்தாம்மா," என்றாள். "அவன் இங்கதான் இருக்கான்."