ஊசிமலையில் மன்மதன் எழுந்த வருடம்

மாசி மாதம் பதினான்காந் திகதி காலை எட்டு மணிக்கு, ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் காமன் எழ வேண்டிய இடத்தில், இருபத்தைந்து கோடி வருடங்களுக்கு முன் வாழ்ந்த பிராணி ஒன்று எழுந்தது. அப்புத்தளையில் அன்று மூடுபனி. பண்டாரவளைச் சந்தையில் கரட் கிலோ முந்நூறு ரூபாய்க்குப் போனது.

பிழை கூத்துக்காரர்களுடையதுதான், அதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்து சாம்பலாவதும், அவன் மனைவி ரதி மண்ணில் புரண்டு அழுது வரம் கேட்பதும், மூன்றாம் நாள் அவன் உயிர்பெறுவதும் அந்த மலைகளில் மாசிக்கு மாசி நடக்கிற காரியம். காமனுக்காக நடுகிற கம்பம் அந்த வருடம் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. கூத்து வாத்தியார் வீரசிங்கம், மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கிடந்த உருண்டைக் கல் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, குழிக்குள் அண்டை கொடுத்து இறுக்கினார். கல்லுக்கு ஒரு வாய் மஞ்சள் தண்ணீர் தெளித்து, நீ யார் எவர் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ரதி வேடம் கட்டுகிற நிமலன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், சிரித்த முகக்காரன். அழுகை அவனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. வருடா வருடம் முந்தானையில் அரிந்த வெங்காயத்தை முடிந்துகொண்டுதான் ஒப்பேற்றுவான். ஆனால் அவன் மனைவி பாக்கியலெட்சுமி முந்தின ஐப்பசியில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அந்த மாசியில் அவளுடைய கூறைச்சேலையைச் சுற்றிக்கொண்டு கம்பத்தின் முன்னால் உட்கார்ந்தவன், சேலையில் மிச்சமிருந்த அவள் தலை எண்ணெய் வாசத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டான். பிறகு அழுதான் பாருங்கள், தப்பு அடிக்கிறவர்கள் அடியை மறந்து நின்றார்கள். அப்படி அழுதால் எரிந்த சாம்பலே எழும் என்றால், பக்கத்தில் இருந்த கல்லுக்கு என்ன கேடு? மூன்றாம் நாள் எழுப்புகிற பாட்டு முடிந்ததும் கல் பிளந்தது. பன்றியளவு உடம்பு, ஆமை வாய், மேல்தாடையிலிருந்து கீழ்நோக்கி இரண்டு தந்தம், முகத்தில் மாமியார் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளையின் அசட்டுக் களை. காமன் கம்பத்தடியில் பிறந்ததால் மன்மதன் என்றே பெயர் வைத்தார்கள். தோட்டத்துத் துரை வந்து பார்த்துவிட்டு, கொழுந்தைத் தின்னுமா என்று மட்டும் கேட்டார். தின்னாது, புல்லைத்தான் தின்னும் என்றதும், இருக்கட்டும் என்று போய்விட்டார்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து மயூரி டீச்சர் புத்தகமும் கையுமாக வந்தார். மன்மதனை மூன்று தடவை சுற்றிவந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இதை லிஸ்ட்ரோசோரஸ் எண்டு சொல்லுவினம். எரிமலையள் வெடிச்சு, உலகம் கொதிச்சு, கடல் கூட மூச்சுத் திணறி, இருந்த சீவராசியளில பத்தில ஒம்பது பங்கு அழிஞ்சு போச்சுது. அந்தப் பேரழிவில தப்பிப் பிழைச்ச சீவன் இது."

"அம்புட்டுக்கும் தப்புனதா இந்த மூஞ்சி!" என்றாள் இராக்கம்மா. நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்த அவளுக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்லித்தான் பழக்கம்.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் மன்மதன் ராசா மாதிரி இருந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது அதுவும் வரிசையில் வந்து நிற்கும். பறிக்கிற பெண்களுக்கு முன்னால் நடந்து, தேயிலைக்கு நடுவே முளைத்த களையை மேய்ந்து சுத்தம் செய்யும். சாயங்காலம் நிமலன் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். ஆனியில் மேய்ச்சல் குறைந்தது. ஆடியில் எழுந்து நிற்பதே பாடாகிவிட்டது. பதுளையிலிருந்து வந்த மிருக வைத்தியர் சேலைன் ஏற்றி, கண்ணை விரித்துப் பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நிமலனுக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டு எழுப்பியவன் அவன். ஒரு தடவை உலகத்தை விட்டே போன இனம், தன் வாசலில் இரண்டாம் தரமும் போவதா என்று கிடந்து தவித்தான்.

கண்டுபிடித்தது பாக்கியலெட்சுமிதான், குவைத்திலிருந்து. ஒரு வெள்ளிக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நிமலனின் தோளுக்குப் பின்னால் படுத்திருந்த மன்மதனைப் பார்த்துவிட்டாள்.

"இதுக்குச் சீக்கு இல்லைங்க," என்றாள். "இது தனியா இருக்கு. எனக்குத் தெரியுது."

மயூரி டீச்சர் புத்தகத்தைப் புரட்டி, அது சரிதான் என்றார். பேரழிவுக்குப் பிறகு பல இடங்களில் நிலம் முழுக்க இந்தப் பிராணிகளே மந்தை மந்தையாக நிறைந்திருந்தனவாம். தனியாக இருந்து அதற்குப் பழக்கமே இல்லை. துணைக்கு ஒன்றை எழுப்ப வேண்டும் என்று நிமலன் கூத்து வாத்தியாரிடம் போய் நின்றான். வீரசிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். மாசி தவிர வேறு மாதத்தில் காமனைக் கூப்பிடுவது அந்த மலையில் கேள்விப்படாத காரியம். தெய்வக் குற்றமாகிவிடும் என்று சொல்லிவிட்டார்.

ஐப்பசியில், வேலை செய்த வீட்டுக்காரர்கள் வேறு நாட்டுக்குக் குடிபோனதால், பாக்கியலெட்சுமி திரும்பி வந்தாள். அப்புத்தளை ஸ்டேசனில் மழையோடு இறங்கியவள், வீட்டுக்கு வந்து மன்மதனின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே வீரசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள்.

"மாசி வரைக்கும் இது தாங்காதுங்க மாமா. நான் ஒரு வருசம் தாங்குனேன். எனக்குப் போன் இருந்திச்சு."

வீரசிங்கம் எழுந்தார். பரணிலிருந்து தப்பை இறக்கினார்.

எந்தக் கல்லுக்குள் எது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே தோட்டமே தன்னிடம் இருந்த கல்லையெல்லாம் தூக்கிக்கொண்டு காமன் திடலுக்கு வந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்த கல், துணி துவைக்கிற கல், கோழிக்கூட்டின் மேல் பாரத்துக்கு வைத்த கல். இராக்கம்மா தன் முப்பது வருட அம்மியையே இரண்டு பேரைத் தூக்கவைத்துக் கொண்டுவந்து போட்டாள். மன்மதனைச் சாக்கில் கிடத்தி நடுவில் வைத்தார்கள். மூச்சு இழையாக ஓடிக்கொண்டிருந்தது. தப்பு முழங்கியது. கூறைச்சேலையோடு நிமலன் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. வெங்காயத்தை முகர்ந்தான், கண்ணில் தேய்த்தான், கடித்தும் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. எப்படி வரும்? எதிரே முதல் வரிசையில் பாக்கியலெட்சுமி நிற்கிறாளே!

"என் சேலையை இப்படியாங்க கட்டுவாங்க?" என்று கேட்டாள் அவள். வாயைப் பொத்தினாள். பொத்தியும் அடங்காமல் சிரித்துவிட்டாள்.

நிமலனும் சிரித்தான். ஒப்பாரி வைக்க வேண்டிய ரதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தாள். முறைத்துக்கொண்டிருந்த வீரசிங்கத்துக்கும் முடியவில்லை. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி, மலைக்கு மேலே இருந்த லயங்கள் வரை போய்த் திரும்பியது. இந்தத் தடவை கற்கள் மூன்று நாள் காத்திருக்கவில்லை. முதலில் பிளந்தது இராக்கம்மாவின் அம்மி. அதற்குள்ளிருந்து தூக்கம் கலைந்த முகத்தோடு ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு துவைகல். பிறகு கோழிக்கூட்டுக் கல். மன்மதன் சாக்கிலிருந்து தலையைத் தூக்கியது. காலை ஊன்றியது. அந்த மலையில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் கூப்பிட்டது. பதினாறு குரல்கள் பதில் கொடுத்தன.

இப்போது குட்டிகளோடு நாற்பத்தொன்று இருக்கின்றன. மன்மதன் முட்டையிட்ட பிறகுதான் அது பெண் என்று தெரிந்தது, ஆனாலும் பெயரை மாற்றவில்லை. பதுளை பஸ் அவை ரோட்டைக் கடக்கும்வரை நின்று போகிறது. இராக்கம்மா பக்கத்து வீட்டு அம்மியில் அரைத்துக்கொள்கிறாள், தன் அம்மிக்குள்ளிருந்து வந்ததைக் கண்டால் மட்டும் நின்று இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகிறாள். குவைத்துக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்காரர் இரண்டு தடவை போன் எடுத்தார். பாக்கியலெட்சுமி போகவில்லை. அடுத்த மாசியில் கூத்து முறைப்படி நடந்தது. அந்த வாரம் பண்டாரவளைச் சந்தையில் வெங்காயம் கிலோ இருநூற்றெண்பது ரூபாய். ஒன்று போதாது என்று நிமலன் முந்தானையில் இரண்டாக முடிந்துகொண்டான்.