நிலக்கரி எடையாளர்

மெரிடித் பிப்ரவரியிலேயே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். பீங்கான் கோப்பைகள், வெள்ளிக் கரண்டிகள், கடைசியாகத் திரைச்சீலைகள். காரணம், அவள் கணவர் லோவல் தன் வாயாலேயே வாக்குக் கொடுத்திருந்தார்: "மார்ச் ஊர்க்கூட்டத்துல எனக்கு ஒரு பதவியும் தரலேன்னா வீட்டை வித்துட்டு பழையபடி ஹார்ட்ஃபோர்டு நகரத்துக்கே போயிடலாம்."

தரமாட்டார்கள். அதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டு உதவித் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், அமைதி வேண்டுமென்று வெர்மான்ட் மலையில் வீடு வாங்கி நாலு வருஷமாகிறது. அந்த நாலு வருஷத்தில் அவர் ஊர் மன்றத்துக்கு எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு மாட்டுக் கொட்டகைக்குச் சுவரே எழுப்பலாம். பசு விடியற்காலையில் கத்துகிறது என்று ஒன்று. ஏப்ரலில் சாலை சேறாகிறது என்று எட்டு. சாணம் நாறுகிறது என்று எழுதிய கடிதத்துக்கு வரைபடம் வேறு. படுக்கை விரிப்பு அளவுப் புல்வெளியை வெட்ட ஒரு டிராக்டர் வாங்கினார். கட்டம் போட்ட விவசாயிச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தால், பக்கத்துப் பண்ணை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நிற்பார்கள். அவர் கையசைப்பார். மெரிடித் உள்ளே போய் முகத்தை மூடிக்கொள்வாள்.

ஊர்ப் பதவிகளுக்கெல்லாம் ஆள் தேர்ந்தெடுக்கும் அந்த வருடாந்தரக் கூட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. மன்ற உறுப்பினர் தேர்தலில் எதிராளிக்குத் தொண்ணூற்று நாலு வாக்கு, லோவலுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் மெரிடித்தின் வாக்கு இல்லை. மதியம் அவித்த பீன்ஸும் பன்றித் தொடையும் அவளுக்கு அமுதமாக இறங்கின. ஹார்ட்ஃபோர்டு அடுக்ககத்தின் லிஃப்ட் மணி காதிலேயே கேட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்த வேளையில், கூட்டத்தை நடத்திய ஆரின் டட்டில் பட்டியலின் வாலுக்கு வந்தார். நிலக்கரி எடையாளர்: விற்கிற நிலக்கரி சரியான எடை இருக்கிறதா என்று நிறுத்துப் பார்க்கிறவர். ஊரில் எல்லார் வீட்டிலும் விறகு அடுப்பு; நிலக்கரியைக் கண்டு எழுபது வருஷமிருக்கும். பட்டியலிலிருந்து நீக்க ஒருவருக்கும் தோன்றாததால் பதவி மட்டும் உயிரோடிருந்தது. வகித்தவர் இறந்து இரண்டு வருஷம். வேலையில் ஒரு குறையும் வரவில்லை.

பால்பண்ணைக்காரி பியூலா எழுந்தாள். "லோவல் சாருக்குக் கொடுங்களேன். பாவம், நாலு வருஷமா எழுதி எழுதிக் கை ஓய்ஞ்சு போச்சு. அவருக்கு ஒரு வேலை இருந்தா நம்ம பசுவும் நிம்மதியாக் கத்தும்."

கூடம் குலுங்கியது.

"மறுப்பு யாருக்காவது?" என்றார் ஆரின்.

மெரிடித் நாற்காலி கிறீச்சிட எழுந்தாள். "எனக்கு இருக்கு. இந்த ஊர்ல நிலக்கரியே கிடையாதே."

"அதனாலதாம்மா. தப்பு நடக்க வழியே இல்ல."

ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள், ஒரு மனம் நீங்கலாக. லோவல் ஈரக்கண்ணோடு பதினோரு நிமிஷம் நன்றியுரை ஆற்றினார்.

"உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, லோவல்," என்றாள் காரில்.

"வீட்டு மனுஷனைப் பார்த்துத்தான் அப்படிச் சிரிப்பாங்க. பதவின்னு கேட்டேன், கொடுத்துட்டாங்க. நீ கரண்டியெல்லாம் எடுத்து வை."

அடுத்த வாரமே சாப்பாட்டு மேசைமேல் ஒரு தராசு வந்து உட்கார்ந்தது. ஒரு கன்றுக்குட்டியையே எடை போடலாம், அவ்வளவு பெரிசு. கழுத்தில் பதவி அட்டை தொங்க, லோவல் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கும் கரியில்லை. பன்னிரண்டாம் நாள் பியூலாவின் கொட்டகையில், இறைச்சி வாட்டுவதற்கென்று வைத்திருந்த ஒரு பை அடுப்புக்கரி அகப்பட்டது. பையில் அச்சிட்டிருந்த எடைக்கு நாலு அவுன்ஸ் குறைவு. பியூலாவிடம் விளக்கம் கேட்டு மூன்று பக்கக் கடிதம் போனது, வரைபடத்துடன்.

மெரிடித் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. பதவிக்காலம் ஒரே வருஷம்தான் என்பதை விதிப்புத்தகத்தில் பார்த்துவிட்டாள். பதவியையே ஒழிக்க வேண்டுமானால் அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு முன் முப்பது பேர் கையெழுத்திட்ட மனு போதும் என்பதையும்.

மனுவை எடுத்துக்கொண்டு நேரே பால்பண்ணைக்குப் போனாள். பியூலா படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"பேனா வெச்சிருக்கியாடி?" என்றாள்.