மடக்கு மேசை

"இந்த மேசை போனாத்தான் நான் படகுல ஏறுவேன்!"

ஹஸீனா கறாராகச் சொல்லிவிட்டாள். துபாயிலிருந்து திரும்பிய இப்ராஹிம் ஷா ஆசையாய் வாங்கிய பழைய பாய்மரப் படகு அது. உள்ளறை முழுவதையும் சாப்பாட்டு மேசையே அடைத்துக்கொண்டிருந்தது. மனைவி வராமல் என்ன கடல் பயணம்?

திண்டிவனத்துத் தச்சர் ஆரோக்கியராஜ் அதைக் கழற்றிவிட்டு, சுவரோடு மடங்கும் மேசையைப் பொருத்தினார்.

"விரிச்சுக் காட்டட்டுமாம்மா?"

"ஐயோ, வேணாம்ண்ணே! அப்படியே இருக்கட்டும்."

காலியான தரையில் ஹஸீனா ஜமுக்காளம் விரித்தாள். நடுவில் பிரியாணித் தாம்பாளம். வீட்டு வழக்கப்படி குடும்பத்துக்கே ஒரே தட்டு. இரண்டு மகள்களும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"அப்ப மேசை எதுக்கு பாய்?" ஆரோக்கியராஜ் பரிதாபமாகக் கேட்டார்.

"மடங்குறதுக்குத்தான்!" என்ற ஹஸீனா, கணவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வேடிக்கை பார்த்துக்கினு நிக்காம வந்து சாப்பிடுங்க. ஜல்தியா படகைக் கெளப்பணும்ல!"