ஆட்சேபணை உள்ளவர்கள்

நகரசபையில எழுத்தரா சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த மத்திய அரசு உத்தரவுகளைப் படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு. அன்னைக்கு வந்தது பதினோரு பக்கம். சாரம் ஒரே வரிதான்: ஊர் பஸ் ஒவ்வொண்ணுலயும் சக்கர நாற்காலியை ஏத்தி இறக்கற லிஃப்ட் வருஷக் கடைசிக்குள்ள பொருத்தணும். செலவு யாருது? அதை மட்டும் பதினோரு பக்கத்துலயும் காணோம்.

எங்க ஊருக்கு இருக்கறதே ஒரு பஸ்.

சபைத் தலைவர் என் கூடப்பிறந்த அண்ணன். அண்ணன் சொல்றார், தங்கச்சி எழுதறான்னு ஊர்ல கேலி பண்ணுவாங்க. பண்ணிட்டுப் போகட்டும். அன்னைக்கு என் கவலை வேற. அண்ணிக்கு ஒன்பது வருஷமா சக்கர நாற்காலிதான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில ஃபோன் எடுத்துப் பேசற வேலை அவங்களுக்குக் கிடைச்சிருந்தது. "வருஷக் கடைசி வரைக்கும் காத்திருக்கோம், வந்துபோக வழி பண்ணிக்கோங்க"ன்னு சொல்லியிருந்தாங்க. பஸ்ஸுல லிஃப்ட் வந்தா வேலை. இல்லன்னா இல்ல.

அண்ணன் மனசுல ஈரம் இல்லாதவர்னு நினைக்காதீங்க. கூட்ட அறை மாடியில, பதினெட்டுப் படி. அண்ணியை அவரே தூக்கிட்டு வந்து, கீழ போய் நாற்காலியையும் கொண்டுவந்து, முன்வரிசையில உட்கார வச்சார். அப்புறம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே தன் தீர்மானத்தைப் படிச்சார்: பணம் வர்ற வரைக்கும் லிஃப்ட் கிடையாது.

"லிஃப்ட் வேண்டாங்கல. எங்கயோ உட்கார்ந்து உத்தரவு போடறவங்க, அதைச் செய்ய வழியையும் அனுப்பணும். போன வருஷம் குப்பையை ரெண்டா பிரிக்கச் சொன்னாங்க. பிரிச்சோம், அந்தச் செலவுல தெருவிளக்கு பாதி அணைஞ்சுது. இப்ப லிஃப்ட் போட்டா காலையில பள்ளிக்கூட டிரிப்பை நிறுத்தணும். ஊருக்கு எது முக்கியம்னு ஊர் முடிவு பண்ணக்கூடாதா?"

உறுப்பினர்கள்ல வாய் திறக்கற ஒரே ஆள் மருந்துக்கடைக்காரர். அவர் விடல. "ஊர் எப்பங்க முடிவு பண்ணும்? ஒன்பது வருஷம் விட்டாச்சே. மேல இருந்து ஒருத்தன் அதட்டினாத்தான் நமக்கு உறைக்குது."

"அதட்டட்டும். காசை எடுத்து வச்சுட்டு அதட்டச் சொல்லுங்க."

"எல்லாத்துக்கும் அவங்களே குடுத்தா எல்லாத்தையும் அவங்களே தீர்மானிப்பாங்க. அதுக்கு ஒத்துப்பீங்களா?"

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். ரெண்டு மணி நேரம் இழுத்தாங்க. அண்ணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. கடைசியில மருந்துக்கடைக்காரர், "பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நடக்கணும்னா நான் எப்படிப் பிடிவாதம் பிடிக்கறது? என்னவோ பண்ணுங்க"ன்னு நாற்காலியில சாய்ஞ்சுட்டார்.

எங்க சபையில ஒரு வழக்கம். வந்திருக்கற ஊர்க்காரர் ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். ஆனா எழுந்து நிக்கணும். முன்ன ஒருத்தர் தலையைச் சொறியக் கையைத் தூக்க, அதை ஆட்சேபணைன்னு எழுதி, பெரிய ரகளையாயிடுச்சு. அதுலேர்ந்து கை செல்லாது.

அண்ணன் காகிதத்தைப் பார்த்துக்கிட்டே கேட்டார். "ஆட்சேபணை உள்ளவங்க எழுந்திருங்க."

அண்ணி கையைத் தூக்கினாங்க.

"யாரும் எழுந்திருக்கல. தீர்மானம் நிறைவேறியது."

அவரைத் தவிர எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துட்டு இருந்தாங்க. "அண்ணே"ன்னேன். நிமிர்ந்தார்.

"எழுந்திருன்னு உத்தரவு போடறீங்க," அண்ணி குரலை உயர்த்தல, ரொம்பக் களைச்சிருந்தாங்க. "காலை யார் குடுப்பா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தீர்மான நோட்டுல எழுதியிருந்த 'நிறைவேறியது'ங்கறதை அடிச்சுட்டு, 'ஆட்சேபணை ஒன்று'ன்னு எழுதி, நோட்டை அண்ணன் முன்னால தள்ளினேன். எழுத்தருக்கு அந்த உரிமை கிடையாது, தெரியும்.

கையெழுத்துப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டார். போட்டுட்டு, அண்ணியைத் தூக்கக் குனிஞ்சார். அவங்க அவர் கையைத் தள்ளிவிடல.

"பார்த்து இறங்குங்க"ன்னாங்க. "அடுத்த கூட்டத்துக்கும் நீங்கதான் என்னைத் தூக்கிட்டு வரணும், உங்களை ஆட்சேபிக்க."