ஆலங்குடாவில் இல்லாத வெளிச்சவீடு

பாலாவிச் சந்தியில் வீட்டுப் பிளான் கீறிக் கொடுக்கும் ஹுனைஸுக்கு, ஆலங்குடா மீனவர் சங்கத்து அலுமாரியிலிருந்து ஒரு பழைய வரைபடம் கிடைத்தது. கடற்கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு கட்ட, அவன் பிறக்குமுன்பே யாரோ கீறியது. அத்திவாரக் கல்கூட வைக்காமல் நின்றுபோன வேலை. அதை அவன் கம்ப்யூட்டரில் எழுப்பினான். அவன் கீறும் படிக்கட்டு போய் ஜன்னலில் முட்டும் என்பது மேசன்மாரின் வழமையான முறைப்பாடு. இந்த முறை முட்டவில்லை. அந்தப் பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதை வீடியோவாக்கியபோது கடலைக் கொஞ்சம் கூடுதலாகவே நீலமாக்கினான். உச்சியில் நின்று கைகாட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது. வழுக்கையை மறைத்து, அடர்த்தியாக முடி வைத்து, தன்னையே நிறுத்தினான். 'கம்ப்யூட்டரில் செய்தது' என்று எழுதினால் வானத்தின் அழகு கெடுமென்று, தன் பெயரை மட்டும் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றினான்.

அடுத்த ஞாயிறு ஆலங்குடா ஓட்டோக்காரன் தாஹிர் கோல் எடுத்தான்.

"ஹுனைஸ், குருநாகலில இருந்து வேனொண்டு வந்து நிக்கிது. உன்ட வெளிச்சவீட்டப் பாக்கணுமாம்."

ரசிகர்கள்தான் என்று முடிவுகட்டிய ஹுனைஸ், ஸ்திரி போட்ட சேர்ட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். புகழ்ந்தால் எப்படித் தலைகுனிவது என்று வழி முழுக்கப் பழகிக்கொண்டே போனான்.

கரையில் கமறியா என்ற பெண்ணும் கணவர் முஸம்மிலும் குடும்பத்தோடு நின்றார்கள்.

"தம்பி, மேல ஏற டிக்கட் எங்க எடுக்கிற?" என்றாள் கமறியா.

"இன்னும் கட்டல்ல, தாத்தா," என்றான், மூத்த சகோதரியிடம் பேசும் பணிவோடு.

"எப்ப முடியும்?"

"தொடங்கவே இல்ல."

முஸம்மில் போனில் வீடியோவை ஓடவிட்டார். "அப்ப இதில நிண்டு கைகாட்டுறது ஆரு?"

"நான்தான்."

கமறியா போனைப் பார்த்தாள். அவன் தலையைப் பார்த்தாள். "அப்ப இந்த முடியும் இன்னும் தொடங்கல்லயா?"

தாஹிர் ஓட்டோவுக்குள் குனிந்துகொண்டான். ஹுனைஸ் மன்னிப்புக் கேட்டான். அவர்கள் கோபிக்கவில்லை; வந்தது வந்தாச்சென்று சோற்றுச் சட்டியைத் திறந்து அவனையும் இருத்தினார்கள். அவன் ஒரு தடியால் மணலில் வட்டம் போட்டு, இது வாசல், இது படி என்று காட்டினான். எல்லாரும் வெளிச்சவீட்டுக்குள் இருந்தே சாப்பிட்டார்கள்.

"பொம்புளயள் தொழ எடம்?" என்றாள் கமறியா.

இல்லை.

"பாத்ரூம்?"

அதுவும் இல்லை.

"இவ்வளவு உயரத்துக்கு யோசிச்ச ஆளுக்கு அது நெனப்பு வரல்லயே."

பிளான் கீறியது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தான். வீடியோவில் இருப்பது தன் பெயர் மட்டும்தானே என்ற ஞாபகம் வர, அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தான். மனைவி மர்ளியா பால் விடாத பிளேன்டி கொண்டுவந்தாள்.

"என்ன செய்றீங்க?"

"பாத்ரூம் வைக்கிறன்."

"கட்டப்போறாங்களா?"

"இல்ல."

அவள் திரையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"ஆம்புளயளுக்கும் பொம்புளயளுக்கும் வேற வேறயா வைங்க," என்றாள்.